ஜீப்புக்கு ஹீல்ஸ் போட்ட கதை

ஹை ஹீல்ஸ் போட்டுட்டு நடக்கிற ஃப்ரெண்ட் யாராவது உங்க கேங்கில் இருந்தா, சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. "எங்கடி வலிக்குது?" குதிகால்னு மட்டும் சொல்ல மாட்டா. முட்டி, இடுப்பு, முதுகுன்னு ஒரு லிஸ்ட்டே வரும். உசத்தினது என்னவோ குதிகாலை மட்டும்தான். ஆனா உடம்பு முழுக்க உட்கார்ந்து புதுசா பேலன்ஸ் தேட வேண்டியிருக்கு.

ஜீப்புக்கும் இதே கதிதான் பாஸ்! அதுக்குப் பேரு சஸ்பென்ஷன் லிஃப்ட். காலேஜ் பார்க்கிங்கில் தரையிலிருந்து எம்பி, தடி தடியான டயரோட ஒரு தார் நின்னா நாம எல்லாருமே ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறோம்ல? அந்த எம்பல்தான். பார்க்கிறதுக்குக் கெத்து. அந்தக் கெத்துக்கு அடியில் என்னென்ன நடக்குதுன்னு ஒரு மாசம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். எங்க கிளாஸில் 58 பசங்க, 4 பொண்ணுங்க. (அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்றேன்.)

எங்க ஊர் போடி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறைக்குப் பக்கத்தில் 2 ஏக்கர் ஏலத்தோட்டம். பெரிய எஸ்டேட் எல்லாம் இல்லை. காய் எடுப்பு நேரத்தில் அப்பா விடியக்காலையில் ஜீப்பை எடுப்பார். அம்மா, பெரியம்மா, கூட வேலைக்கு வர்ற நாலஞ்சு பேர், சோத்துத் தூக்கு, உர மூட்டை எல்லாம் ஏறும். முந்தல் தாண்டினா மலை. மேலே போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவு. சாயங்காலம் அதே 17 வளைவில், அதே ஆட்களோட இறக்கம். ஜீப் பழைய மஹிந்திரா எம்எம் 540. எனக்கு முன்னாடியே எங்க வீட்டில் பிறந்தது. முன்னாடியும் பின்னாடியும் ஒரே கட்டை ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஏசி, பவர் ஸ்டீயரிங் ஒண்ணும் கிடையாது. ஆனா மலை ஏறச் சொன்னா ஏறும், நிக்கச் சொன்னா நிக்கும்.

எங்க அண்ணனுக்கு ஆஃப்ரோடு பைத்தியம். 2014ல் கோவாவில் தொடங்கின ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் வீடியோக்களை, மத்தவங்க கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்க்கிற மாதிரி பார்ப்பான். போன வருஷம் வேலைக்குப் போய் முதல் போனஸ் வாங்கினதும், ஜீப்பைத் தூக்கியே தீரணும்னு கிளம்பிட்டான். அப்பா சம்மதிச்சதுக்கு ஒரே காரணம் ஒரு கல். தோட்டத்துக்குப் பிரியிற மண் பாதையில் நடுவாக்கில் ஒரு பாறை துருத்திக்கிட்டு நிக்கும். ஒவ்வொரு தடவையும் ஜீப்போட அடியில் 'டங்'னு ஒரு இடி. "லிஃப்ட் போட்டா அந்தக் கல்லு தட்டாதுப்பா"ன்னு அண்ணன் சொன்னான். அப்பா தலையாட்டிட்டார்.

பக்கத்து நகரத்தில் ஒரு மாடிஃபிகேஷன் கடை. பேர் வேண்டாம். நாலே நாளில் வண்டி ரெடி. பட்டையில் வளைவு ஏத்தி, கூட ஒரு பட்டை சேர்த்து, ஷாக்கிளை நீளமா மாத்தி, 4 இஞ்ச் தூக்கியிருந்தாங்க. நீளமான புது ஷாக் அப்சார்பர், 31 இஞ்ச் டயர். தெருவே வந்து பார்த்தது. ஒரு வாரம் எங்க அண்ணன்தான் தெருவுக்கு ஹீரோ.

அப்புறம் வண்டியை ரோட்டில் ஓட்டினோம்.

45 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஒண்ணுமில்லை. அதைத் தாண்டினதும் சீட்டுக்கு அடியில் ஒரு 'உர்ர்ர்'. பல்லெல்லாம் கூசுற மாதிரி ஒரு அதிர்வு. அண்ணன் டயரைச் சந்தேகப்பட்டு வீல் பேலன்ஸிங் பார்த்தான். போகலை. எனக்கோ கினிமாடிக்ஸ் புத்தகத்தில் ஹூக்ஸ் ஜாயின்ட் படம் கண் முன்னாடி வந்து நின்னுச்சு. (13 மார்க் கேள்வி மக்களே, சாய்ஸில் விட்டுடாதீங்க!)

விஷயம் இதுதான். இன்ஜின் சுத்துறதைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டு போறது புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதோட ரெண்டு முனையிலும் கிராஸ் இருக்கும். வண்டி உடம்பை மட்டும் தூக்கினா கியர் பெட்டி பக்கம் மேலே போயிடும், ஆக்ஸில் பக்கம் கீழேயே நிக்கும். ஷாஃப்ட் செங்குத்தா சாயும். கிராஸ் கோணத்தில் வேலை செய்யும்போது ஒரு வேடிக்கை: உள்ளே ஒரே சீரா சுத்தினாலும், வெளியே சீரா சுத்தாது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடும், ரெண்டு தடவை குறையும். 20 டிகிரி கோணம்னு வெச்சுக்கங்க. உள்ளே 1000 ஆர்பிஎம் கொடுத்தா, வெளியே 940க்கும் 1064க்கும் நடுவில் ஊசலாடும். ரெண்டு முனையிலும் கோணம் சமமா இருந்தா ஒண்ணோட ஆட்டத்தை இன்னொண்ணு அடிச்சு சமன் பண்ணிடும். எங்க ஜீப்பில் பட்டையை வளைச்சு, ஷாக்கிளை நீட்டினதில் பின் ஆக்ஸிலும் லேசா திரும்பிடுச்சு. ரெண்டு கோணமும் சமமா இல்லை. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்தினா, செகண்டுக்கு 50 உலுக்கல். 'உர்ர்ர்' வராம என்ன வரும்? எம்எம் 540 மாதிரி குட்டை வண்டிகளில் பின் ஷாஃப்டும் குட்டை. அதனால அதே 4 இஞ்சுக்கு நீள வண்டியைவிடக் கோணம் அதிகம். இப்படியே ஓட்டினா கிராஸ் தேயும், ஆயில் சீல் கசியும்.

இதை அண்ணன்கிட்ட சொன்னேன். "புஸ்தகத்தை மூடு. ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்"னான். எந்த இரும்பு ஓட்ட ஓட்டக் கோணத்தை மாத்திக்கும்னு எனக்கு இன்னமும் புரியலை.

அடுத்த பிரச்னை ஸ்டீயரிங். நேர் ரோட்டில் வண்டி அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது. டைட் பண்ணி விட்ட பாலாடைப் புட்டி மாதிரி ஒரு நிமிஷம் கூடக் கையை எடுக்க முடியலை. சின்ன வயசில் ரெண்டு கையையும் விட்டுட்டு சைக்கிள் ஓட்டியிருப்பீங்களே, அது ஏன் முடியுது? சைக்கிளோட முன் ஃபோர்க் பின்பக்கமா சாய்ஞ்சு இருக்கிறதும் அதுக்கு ஒரு பெரிய காரணம். ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு, பேரு காஸ்டர். வளைவு முடிஞ்சதும் ஸ்டீயரிங் தானா நேராகிறது அதனாலதான். பட்டைக்கு முன்னாடி இருக்கிற ஷாக்கிளை நீட்டினா, பட்டையோட முன் முனை கீழே போகும், ஆக்ஸிலோட தலை முன்பக்கம் கவிழும், காஸ்டர் குறையும். சைக்கிள் ஃபோர்க்கை நேரா நிமிர்த்தி வெச்சுட்டு கையை விட்டு ஓட்டிப் பாருங்க, தெரியும். வேண்டாம், ஓட்டாதீங்க.

இதுக்கு வைத்தியம் உண்டு. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஒரு பக்கம் தடிமனா, ஒரு பக்கம் மெலிசா இருக்கிற இரும்புத் துண்டைச் சொருகி ஆக்ஸிலைத் திருப்பி வைக்கலாம். தமிழில் அதுக்குப் பேரு ஆப்பு. நிஜமாவே ஆப்புதான்! ஏன்னா முன் ஆக்ஸிலைக் காஸ்டருக்காகப் பின்னாடி சாய்ச்சா, அதே ஆக்ஸிலில் இருக்கிற ஷாஃப்ட் முனை கீழே பார்க்கும். அப்ப முன் ஷாஃப்டோட கோணம் இன்னும் மோசமாகும். ஸ்டீயரிங்கைக் காப்பாத்தினா கிராஸ் போகும், கிராஸைக் காப்பாத்தினா ஸ்டீயரிங் அலையும்.

பள்ளத்தில் சக்கரம் இறங்கினா ஸ்டீயரிங் தானா ஒரு பக்கம் வெட்டினதும், பெரிய டயரால ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது நிஜத்தில் 43 கிட்டப் போனதும் தனி. டயர் பெருசாச்சுன்னா அதே டிரம் பிரேக் இன்னும் கஷ்டப்பட்டுத்தான் நிறுத்தணும். அதையும் சேர்த்துக்கங்க.

ஆனா எங்க வீட்டில் முதல் சண்டை இது எதுக்காகவும் வரலை. ஏறுறதுக்காக வந்துச்சு.

வேலைக்கு வர்றவங்களில் ஒரு பெரியாத்தா உண்டு. வயசு அறுபதுக்கு மேல. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலிருந்து பின் படியில் ஒரு கால், கம்பியில் ஒரு கை, 'ஐயா முருகா'ன்னு ஒரு எம்பு, உள்ளே போய்டும். லிஃப்டுக்கு அப்புறம் முதல் திங்கக்கிழமை, பெரியாத்தா காலைத் தூக்குது, படி எட்டலை. மறுபடி தூக்குது, எட்டலை. அம்மா போய்த் தாங்கி ஏத்தி விட்டாங்க. ரெண்டாவது நாள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போச்சு. மூணாவது நாள் பெரியாத்தா வரலை. விசாரிச்சா, வேற தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போயிடுச்சாம். "உங்க வண்டி நல்லாத்தான் இருக்கு கண்ணு. எனக்குத்தான் எட்டலை"ன்னு என்கிட்ட சொல்லுச்சு. கோபமே இல்லாம சொல்லுச்சு, அதான் கஷ்டமா இருந்துச்சு. காய் எடுப்பு நேரத்தில் கை தேர்ந்த ஒரு ஆள் போறதுன்னா என்னன்னு ஏலத்தோட்டம் வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும். பழுத்தது எது, இன்னும் ரெண்டு நாள் விடணும்கிறது எது, அது விரலுக்கே தெரியும்.

அன்னிக்கு ராத்திரி அப்பா அதிகம் பேசலை. மறுநாள் ஆள் யாரையும் ஏத்தாம, அண்ணனையும் என்னையும் மட்டும் கூட்டிக்கிட்டு அந்தக் கல்லுக்குப் போனார். முதல் கியரில் மெதுவா ஏத்தினார். 'டங்' வரலை. ஆனா 'கர்ர்ர்'னு ஒரு உரசல். இறங்கிக் குனிஞ்சு பார்த்தோம். பின் ஆக்ஸிலுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி தொங்குமே டிஃபரன்ஷியல், அதோட அடியில் புதுசா ஒரு கோடு.

இதுதான் லிஃப்டில் பல பேருக்குத் தெரியாத சங்கதி. பட்டையை எவ்வளவு உசத்தினாலும் உசர்றது வண்டியோட வயிறுதான், ஆக்ஸில் இல்லை. ஆக்ஸில் சக்கரத்தோட நடு மையத்தில் உட்கார்ந்திருக்கு. அது உசரணும்னா டயர்தான் பெருசாகணும். எங்க பழைய 6.00-16 டயர் கிட்டத்தட்ட 28 அரை இஞ்ச் உயரம். புதுசு 31. வித்தியாசத்தில் பாதி, 1.25 இஞ்ச். கல்லுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் கிடைச்ச லாபம் அவ்வளவுதான். 4 இஞ்ச் லிஃப்ட் பெரிய டயருக்கு இடம் கொடுக்கும், மேட்டில் வயிறு தட்டாம காப்பாத்தும், முன் பம்பர் மண்ணில் குத்தாம ஏற விடும். எல்லாம் நிஜம். ஆனா எங்க கல் தட்டினது வயித்தில் இல்லையே!

"கடப்பாரையை எடுத்து வந்து கல்லைப் பேத்திருக்கலாம்டா" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

அந்த ஞாயித்துக்கிழமை, அதிர்வு தாங்காம, வண்டியை எங்க பழைய மெக்கானிக் பாயிடம் கொண்டு போனோம். லிஃப்ட் போட்டதை அவர்கிட்ட அண்ணன் சொல்லவே இல்லைன்னு அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் காட்டிக்காம ஒரு டம்ளர் டீயைக் குடிச்சுட்டு வேலையை ஆரம்பிச்சார். ஸ்டீயரிங்கைத் தொடலை. ஷாஃப்டைத் தொடலை. ஜாக்கியை ஆக்ஸிலுக்கு வைக்காம சேஸிஸுக்கு வெச்சு, பின்பக்கம் முழுக்கத் தூக்கி, முட்டுக்கட்டை கொடுத்தார். ரெண்டு சக்கரமும் அந்தரத்தில் தொங்குச்சு.

"பாப்பா, நீதானே இன்ஜினீயரு. டார்ச் எடுத்துக்கிட்டு உள்ளே வா."

படுத்துக்கிட்டே உள்ளே போனேன். சேஸிஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற பிரேக் ஹோஸ். ரப்பர் குழாய், விரல் தடிமன் இருக்கும். லூப் மாதிரி தொய்வா தொங்க வேண்டியது. அது வீணைத் தந்தி மாதிரி விறைச்சு நின்னுச்சு. பாய் விரலால சுண்டினார். ஆடவே இல்லை. இரும்பு முனையோட சேர்ற இடத்தில் ரப்பர் வெளுத்து, மயிரிழை மயிரிழையா வெடிப்பு.

"பழைய ஷாக் அப்சார்பர் இருந்திருந்தா ஆக்ஸில் இவ்வளவு கீழ வந்திருக்காது. அது புடிச்சு நிறுத்தியிருக்கும். நீளமான ஷாக் போட்டவன் ஹோஸையும் நீளமா போட்டிருக்கணும்ல?" என்றார் பாய்.

சமதள ரோட்டில் இது தெரியவே தெரியாது. ஒரு பக்கச் சக்கரம் ஆழமான குழியில் இறங்கி, ஆக்ஸில் முழுசா தொங்குற அந்த நிமிஷம்தான் ஹோஸ் இழுபடும். எங்க தோட்டத்துப் பாதையில் அப்படிக் குழி ஏழெட்டு இருக்கு. ஒவ்வொரு நாளும் அதில் இறங்கி ஏறியிருக்கோம். அங்கே கொஞ்சம் கொஞ்சமா கிழிஞ்சு, சாயங்காலம் இறக்கத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது ஆயில் பீய்ச்சினா? பெடல் கீழே போகும். மிச்சம் இருக்கிற பிரேக்கை நம்பி 17 வளைவு. பின்னாடி பெஞ்சில் அம்மா.

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லலை. சொல்றதுக்கு அவசியமும் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே உள்ளே வந்து படுத்து, டார்ச்சை என்கிட்டேருந்து வாங்கி, அந்த வெடிப்பை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான்.

அன்னிக்கு ராத்திரி வீட்டில் மாநாடு. நான் நோட்டை எடுத்து ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். வண்டி கவிழுமா கவிழாதான்னு பார்க்க ஒரு எளிய சூத்திரம் உண்டு. ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தோட உயரத்தால வகுக்கணும். அமெரிக்காவில் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ, 2001 மாடல் வண்டிகளிலிருந்து கவிழும் அபாயத்துக்கு ரேட்டிங் கொடுக்க ஆரம்பிச்சதே இந்த எண்ணை வெச்சுத்தான். உதாரணத்துக்கு அகலம் 130 செ.மீ., ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்தில்னு வெச்சா 0.93. நின்ன இடத்திலேயே பக்கவாட்டில் 43 டிகிரி வரை சாய்ச்சாலும் கவிழாது. மையம் 10 செ.மீ. மேலே போனா 0.81. இப்ப 39 டிகிரியிலேயே கவிழ்ந்துடும். அதுவும் ஆள் ஏறாம, அசையாம நிக்கிற வண்டிக்கு. பின்னாடி பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்தா மையம் இன்னும் மேலே. வளைவில் வேகம் சேர்ந்தா கேட்கவே வேண்டாம்.

"அப்ப கோவாவில் ஓட்டுறவன் எல்லாம் முட்டாளா?"ன்னு அண்ணன் கேட்டான். இல்லை. நியாயமான கேள்விதான். அவங்க வண்டியில் ரோல் கேஜ் இருக்கு, பெல்ட் இருக்கு, ஹெல்மெட் இருக்கு, வழி காட்ட ஒருத்தர் வெளியே நிக்கிறார். ஷாஃப்ட், ஹோஸ், ஸ்டீயரிங் எல்லாத்தையும் உயரத்துக்குத் தக்க மாத்தியிருப்பாங்க. முக்கியமா, அவங்க வண்டியில் சோத்துத் தூக்கோட யாரும் ஏறுறதில்லை.

சட்டமும் இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. அதே 2019ல் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்துகூட வரலாம். அப்பா 'உரிமையாளர்'ங்கிற வார்த்தையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டார். ஆர்சி புக்கில் இருக்கிறது அவர் பேர்!

முடிவு அப்பாதான் சொன்னார். "ஆள் ஏத்துற வண்டி இது. பழைய மாதிரியே ஆக்கிடு."

பழைய பட்டைகளைத்தான் கடைக்காரர் வளைச்சுட்டாரே. பாய் ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து பழைய வளைவுக்குத் தட்டி வாங்கினார். கூடச் சேர்த்த பட்டை வெளியே, நீள ஷாக்கிள் வெளியே. பழைய ஷாக் அப்சார்பரையும் 6.00-16 டயரையும் அண்ணன் நல்லவேளையா எடைக்குப் போடலை. புது பிரேக் ஹோஸ் போட்டாச்சு. ரெண்டு கிராஸும் அதுக்குள்ள லூஸாகியிருந்துச்சு, அதுவும் புதுசு. செலவு அண்ணனோட கணக்கு. மூணு நாள் என்கிட்ட பேசலை. என்மேல என்ன கோபம்னு அவனுக்கே தெரிஞ்சிருக்காது.

அந்தக் கல்லை ரெண்டு பேர் சேர்ந்து ஒரு சாயங்காலத்தில் பேத்துட்டாங்க. கூலி, டீ, வடை எல்லாம் சேர்த்து 900 ரூபாய்.

பெரியாத்தா உடனே திரும்பி வரலை. அந்தத் தோட்டத்தில் அந்த வாரத்துக்குச் சொல்லியிருந்துச்சு, சொன்ன சொல் மாறாதாம். அடுத்த வாரம் வந்துச்சு. படியில் கால் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு உயரம் பார்த்துக்கிச்சு. அப்புறம்தான் 'ஐயா முருகா'.

அண்ணனுக்கு ஆசை போயிடுச்சான்னு கேட்கறீங்களா? அதெல்லாம் போகுமா! இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா பாய் ஷெட்டில்தான் இருக்கான். அங்கே ஒரு மூலையில் இன்ஜின் இல்லாம ஒரு பழைய ஜீப் எலும்புக்கூடு கிடக்கு. ரோட்டுக்கே கொண்டு போகாம, தனியார் டிராக்கில் மட்டும் ஓட்ட ஒரு வண்டி கட்டப் போறானாம். போன வாரம் போனில் கோணம் பார்க்கிற ஆப்பை இறக்கி, ஷாஃப்ட் கோணத்தை ரெண்டு முனையிலும் அளந்து சுண்ணாம்புக் கட்டியால சேஸிஸில் எழுதிக்கிட்டு இருந்தான். "ஏய், அந்த ஹூக்ஸ் ஜாயின்ட் பாடத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடு"ன்னான்.

11 பக்கம், ரெண்டு பக்கமும். ஜெராக்ஸ் காசு இன்னும் வரலை.